நாலு மணிக்கு எழுந்து படித்தும் மார்க் குறைகிறதே, எங்கே தவறுகிறது?

முக்கூடல் தாய்மாமன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகளைப் பற்றி ஒரு யோசனை கேட்க வேண்டியிருக்கிறது. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு வரை உள்ளூரில் தமிழ்வழியில் படித்தவள்; வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குக் கீழே இறங்கியதே இல்லை. மருத்துவம் படிக்க வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டதால், பிளஸ் ஒன்னில் பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் பயாலஜி குரூப்பில் சேர்த்துவிட்டோம். இப்போது பிளஸ் டூ. இந்தக் காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் எழுபதுக்கு இருபத்தாறு எடுத்திருக்கிறாள். வேதியியலும் ஏறக்குறைய அதே கதைதான். உயிரியலிலும் தமிழிலும் மட்டும் பழைய பெயரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

படிக்காத பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதிகாலை நாலு மணிக்கு அக்காள் எழுப்பிவிடுகிறாள். ஆறரை வரை புத்தகமும் கையுமாக இருந்துவிட்டு, ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறாள். பள்ளி முடிந்து வண்ணார்பேட்டையில் டியூஷன். வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அக்காள் பீடி சுற்றுகிறவள் என்பதால், மறுநாள் கட்டுக் கணக்குக்குக் குறையாமல் இருக்கச் சிறிது நேரம் முனை மடக்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி புத்தகத்தை எடுப்பாள். பதினொன்றரை வரை விளக்கு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்.

இவ்வளவுக்குப் பிறகும் படித்தது நிற்கவில்லை என்று அழுகிறாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுகிறாள், அடிக்கடி தலைவலி என்கிறாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எங்கள் அம்மா கண் பட்டிருக்கிறது என்று திருநீறு மந்திரித்து வாங்கிவந்தார். மச்சான் வீட்டார் பெண்பிள்ளைக்கு இந்தப் படிப்பு போதும் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். பள்ளியிலோ கவனம் போதவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

ஒரு மாணவி நன்றாகப் படிப்பதற்கு உடலிலும் மனதிலும் முதலில் எவையெல்லாம் சரியாக இருக்க வேண்டும்? அவற்றில் எதை நாங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்? பொதுத்தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருப்பதால், நடைமுறைக்கு ஆகிற பதிலாக இருந்தால் நல்லது.

சேரன்மகாதேவி இயற்பியல் வாத்தியார்:

அன்புள்ள தம்பிக்கு, அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் நான் செய்தது ஒரு சிறிய கழித்தல் கணக்குதான். பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் உறக்கம் நாலரை மணி நேரம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. உங்கள் அக்காள் மகள் அதில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறாள். இந்தப் பள்ளம் இருக்கும்வரை நான் சொல்லப்போகிற மற்ற எதுவும் முழுப் பலன் தராது.

உறக்கத்தைப் படிப்பிலிருந்து களவாடப்பட்ட நேரமாகவே நம் வீடுகளில் கருதுகிறார்கள். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்தி வைப்பதில் பெரும்பங்கு உறக்கத்தின்போதுதான் நடக்கிறது. படித்த பின் உறங்கியவர்கள், அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறக்கிறார்கள் என்பது 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் செய்த சோதனையிலேயே தெரிந்துவிட்டது. 2003இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிட அச்சம் தருவது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களை இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டபோது, அவர்களுடைய கவனம் ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. ஆனால் தாங்கள் அவ்வளவு மந்தமாகிவிட்டதை அவர்களே பெரிதாக உணரவில்லை. ஆகவே உங்கள் பிள்ளை எனக்குத் தூக்கம் போதும் மாமா என்று சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள்.

அதிகாலை நாலு மணிப் படிப்பை நான் குறை சொல்லவில்லை. ஊர் அடங்கிய நேரம், தொந்தரவு கிடையாது. ஆனால் அந்தப் பழக்கம் இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு முடித்து விளக்கணைத்த வீடுகளில் உண்டானது. எட்டரைக்குப் படுத்தவன் நாலு மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம் உறங்கியிருப்பான். நாம் எழுகிற நேரத்தை மட்டும் பாட்டனாரிடமிருந்து எடுத்துக்கொண்டு படுக்கிற நேரத்தை டியூஷனுக்குக் கொடுத்துவிட்டோம். இதில் இன்னொன்றும் உண்டு. பூப்பெய்தும் வயதில் உடலின் உள்கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கிப் போகும். உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் அவர்களுக்கு இரவில் தாமதமாகவே சுரக்கும். எனவே இரவில் சீக்கிரம் உறக்கம் வராமலும் காலையில் எழ முடியாமலும் தவிப்பது அந்த வயதின் இயல்பு. அதைச் சோம்பல் என்று திட்டுவது வீண். உங்கள் வீட்டு நிலையில், இரவு ஒன்பதே முக்காலுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவதை என்ன பாடுபட்டாவது ஏற்படுத்துங்கள். அதுவே ஏழே முக்கால் மணி நேரம்தான். எட்டுக்குச் சற்றுக் குறைவு.

நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் இரண்டாவது விஷயம். புத்தகமும் கையுமாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தை மூடி வைத்து அவள் எவ்வளவு நேரம் உட்காருகிறாள் என்று கவனித்ததுண்டா? நம் பிள்ளைகளுக்குப் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது. நாலாவது முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய்விடும். பழகிய முகம் என்பதால் பாடம் தெரிந்துவிட்டதாக ஒரு நிறைவு வரும். தேர்வறையிலோ வரிகளைக் காட்டித் தெரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வெற்றுத் தாளைக் கொடுத்து எழுது என்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நாலு சுற்றும் வாசித்தே படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடுதான் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு சுற்று வாசித்துவிட்டு மற்ற மூன்று சுற்றிலும் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்த கூட்டத்தார்தான். ஐந்து நிமிடம் கழித்து நடத்திய தேர்வில் அவர்களே முந்தியும் இருந்தார்கள். அதனால்தான் படித்த கையோடு வைக்கிற ஸ்லிப் டெஸ்டில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை காலாண்டில் கவிழ்ந்துவிடுகிறது.

அவளிடம் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கொடுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். வீட்ஸ்டோன் சமனச்சுற்றின் படத்தைப் புத்தகம் பாராமல் வரைந்து, கிர்க்காஃப் விதிகளைக் கொண்டு சமன்செய் நிபந்தனை வரை எழுதச் சொல்லுங்கள். படத்தை வரைந்துவிடுவாள், நாலு மின்தடைகளின் பெயரையும் போட்டுவிடுவாள், கால்வனாமீட்டரில் மின்னோட்டம் சுழி என்ற இடத்துக்கு வந்து, அடுத்த சமன்பாட்டில் எந்தக் குறி வரும் என்று தெரியாமல் பேனா நிற்கும். பேனா நின்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் புத்தகத்தைத் திறக்கட்டும். படித்து மூடிவிட்டு மறுபடி எழுதட்டும். மறுநாள் ஒருமுறை, நாலைந்து நாள் கழித்து ஒருமுறை, பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை இதே தாள் விளையாட்டு. மறதி தொடக்கத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்து எழுதிவைத்தார். ஆகவே முதல் மீள்பார்வை சீக்கிரமும் பின்னவை தள்ளித்தள்ளியும் வரலாம். இப்படி ஒரு மணி நேரம் செய்வது கடினமாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் மூன்று மணி நேர வாசிப்பை இது மிச்சப்படுத்தும். உறக்கத்துக்கான நேரம் அங்கிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன தமிழ்வழி, ஆங்கிலவழி மாற்றம். இயற்பியலிலும் வேதியியலிலும் மட்டும் மார்க் இறங்கியதற்கு இதையே நான் முதலில் சந்தேகிப்பேன். மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்துக் கையாளக்கூடியவை மிகச் சில. நாலு என்று கணக்கிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கொஞ்ச இடத்தில் பாதியை ஆங்கில வாக்கியத்துக்குப் பொருள் பிரிப்பது பிடித்துக்கொண்டால், பாதிதான் இயற்பியலுக்கு மிஞ்சும். தமிழ்நாடு பாடநூல் கழகம் இரண்டு வழிகளுக்கும் ஒரே பாடத்தைத்தான் அச்சிடுகிறது; பக்க வரிசைகூடப் பெரும்பாலும் ஒத்துப்போகும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் பாடத்தைப் புரிந்துகொண்டு, ஆங்கிலப் புத்தகத்தில் எழுதும் முறையைக் கற்றுக்கொள்ளட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிராமச் செவிலியர், ஆலங்குளம் பக்கம்:

அண்ணாச்சி, வாத்தியார் ஐயா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் உறக்கக் கணக்கைத் திருத்துவதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே பிள்ளையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். அங்கே பணம் கேட்கமாட்டார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை வலிக்கிறது, உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறாள் என்று மூன்றையும் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். கீழ் இமையைச் சற்று இழுத்துப் பாருங்கள், சிவப்பு மங்கி வெளிறியிருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் அவள் அம்மாவிடம் தனியே கேட்டுப் பாருங்கள்: பச்சரிசியை அள்ளித் தின்கிறாளா, சாக்பீஸ், சாம்பல், விபூதிக்கட்டி என்று எதையாவது கடிக்கிறாளா? இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளிடம் இந்த ஆசை வரும். வெளியே சொல்லமாட்டார்கள்.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே இது அரிதான நோய் என்று எண்ணி ஒதுக்கக் கூடாது. இந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தாலே சோகை. 11க்குக் கீழ் இறங்கினால் நடுத்தரம், 8க்குக் கீழ் கடுமை. இரத்தம் குறைந்தால் மூளைக்கும் தசைக்கும் பிராணவாயு குறைவாகவே போய்ச் சேரும். அந்தப் பிள்ளை புத்தகத்தின் முன்னால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் மனம் ஒட்டாது. அதற்குப் பள்ளியில் வைக்கிற பெயர்தான் கவனக்குறைவு.

பள்ளிகளில் வாரம் ஒன்றாகக் கொடுக்கிற நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உண்டு. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பல பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மலம் கறுப்பாவது இயல்பு, பயம் வேண்டாம். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டலும் குறையும். ஆனால் அந்த வாராந்திர மாத்திரை சோகை வராமல் தடுக்கத்தான். வந்துவிட்டால் மருத்துவர் சொல்கிற அளவில் தினமும் எடுக்க வேண்டும். பூச்சி மாத்திரையும் போட வேண்டும். மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறதா என்பதை அவள் அம்மா கேட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதைப் பேசக் கூச்சப்பட்டே பல வீடுகளில் இரத்தம் ஏறாமல் போகிறது.

டீயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கிற டீயும் காப்பியும் உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் செய்யும். கருப்பட்டிக் காப்பியில் சத்து இருக்கிறதே என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கருப்பட்டியைக் குறை சொல்லவில்லை, அதோடு சேருகிற காப்பித்தூளைத்தான் சொல்கிறேன். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் டீயே வேண்டாம். அதிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், பிறகு எப்படித் தூக்கம் வரும்? முருங்கைக்கீரைப் பொரியலோடு ஒரு எலுமிச்சைத் துண்டு பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

காலை உணவுக்குப் பிஸ்கட் ஆகாது. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடும் சத்துணவு பத்தாம் வகுப்போடும் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் வீடுதான் பார்க்க வேண்டும். இட்லி வேக நேரமில்லை என்றால் பழைய சோற்றில் மோர் விட்டுச் சின்ன வெங்காயத்தோடு கொடுங்கள், கூட ஓர் அவித்த முட்டை. வாரத்தில் ஒருநாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் நம் வீடுகளில் புதிதல்ல. தண்ணீர் பாட்டிலையும் கவனியுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பெண்பிள்ளைகள் ஏராளம். தலைவலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்ணையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள், கேட்டால் சொல்லமாட்டாள். கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்று எந்தப் பாட்டியாவது தடுத்தால், தயவுசெய்து கேட்காதீர்கள். பீடித்தூள் பறக்கிற அதே அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள்.

நாங்குநேரிக்காரன்:

மேலே உள்ள பதில்களைப் படித்தேன். படித்தவர்கள் எழுதியிருக்கிறீர்கள், மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நான் ஒரு வேளைக் கஞ்சியோடு ஐந்து மைல் நடந்து பள்ளிக்குப் போய், தெருவிளக்கில் படித்து அரசு வேலைக்கு வந்தவன். அன்று ஹீமோகுளோபின் என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. வைராக்கியம் இருந்தால் உடம்பு தானாகப் பின்னால் வரும். எட்டு மணி நேரம் தூங்கு, முட்டை சாப்பிடு என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை மெத்தனமாக்கிவிடுகிறோமோ என்று எனக்குப் படுகிறது.

சேரன்மகாதேவி இயற்பியல் வாத்தியார்:

நாங்குநேரி அண்ணாச்சிக்கு வணக்கம். உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உங்களோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதினொன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அதே கஞ்சியைக் குடித்து, அதே ஐந்து மைல் நடந்து, நடுவழியில் நின்றுபோனவர்கள் இந்த இழையில் வந்து எழுதப்போவதில்லை. தாக்குப்பிடித்தவர்களை மட்டும் வைத்துக் கஷ்டம்தான் ஆளாக்கியது என்று முடிவு செய்வது கணக்குக்கு ஒத்துவராது.

உங்களுக்கே தெரியாமல் உங்களிடம் இருந்த செல்வத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மைல் நடையென்றால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி. ஐந்து முதல் பதினேழு வயது வரை சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் உடல் வியர்க்க அசைய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதை நீங்கள் அன்றே செய்துவிட்டீர்கள். இந்தப் பெண்ணோ பஸ்ஸில் உட்கார்ந்து, வகுப்பில் உட்கார்ந்து, டியூஷனில் உட்கார்ந்து, பீடித் தட்டின் முன்னாலும் உட்காருகிறாள். விளையாட்டுப் பீரியடைக்கூட ஸ்பெஷல் கிளாஸுக்குப் பிடுங்கிக்கொள்கிறார்கள். மாலையில் மொட்டை மாடியில் இருபது நிமிடம் ஸ்கிப்பிங் ஆடினால் போதும் என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது மேல். வைராக்கியத்தைப் பொறுத்தமட்டில், நாலரை மணி நேரம் தூங்கி நாலு மணிக்கு எழுகிற பிள்ளையிடம் அது குறைவாக இருக்கிறது என்றா சொல்வீர்கள்?

அபிஷேகப்பட்டி மாணவி:

ஐயா, நான் பல்கலைக்கழகத்தில் உளவியல் முதுகலை படிக்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி. தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாறியவள் என்பதால் உங்கள் அக்காள் மகளின் நிலை எனக்கு ஓரளவு புரிகிறது. உடலைப் பற்றிச் செவிலியர் அக்கா சொல்லிவிட்டார். மனதைப் பற்றி இரண்டு மூன்று சொல்கிறேன்.

அவள் பத்தாம் வகுப்பு வரை கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயர் இப்போது அவளுக்கு உதவுகிறதா, பயமுறுத்துகிறதா என்று யோசித்துப் பாருங்கள். முல்லர், டுவெக் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள் ஒரு புதிரைச் சரியாக முடித்ததும், சிலரை நீ அறிவாளி என்றும் சிலரை நன்றாக முயன்றிருக்கிறாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களில் தோற்ற பிறகு, அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்கள்தான் அதிகமாகச் சோர்ந்தார்கள். பிற்பாடு கொடுத்த எளிய புதிர்களிலும் பின்தங்கினார்கள். தோல்வி வந்தால் அந்தப் பட்டமே போய்விடும் என்ற அச்சம்தான் காரணம். மதிப்பெண் குறைந்த நாளில் வீட்டில் என்ன பேசப்படுகிறது என்பது அதனால் முக்கியம். நம்ம பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று நாலு பேர் சுற்றி நின்று கேட்பதைவிட, எந்தக் கேள்வியில் பேனா நின்றது என்று ஒருவர் உட்கார்ந்து கேட்பது நல்லது. கேட்கிறவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

அடுத்தது தேர்வறைப் பதற்றம். கொஞ்சம் பதற்றம் இருந்தால்தான் எழுதவே முடியும். அளவு மீறும்போது, மார்க் போய்விடுமே, மாமா என்ன நினைப்பார், படிப்பை நிறுத்திவிடுவார்களே என்ற எண்ணங்கள் வாத்தியார் சார் சொன்ன அந்தச் சிறிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. தெரிந்த விடையும் அப்போது வராது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் கவலைகளை ஒரு தாளில் எழுதித் தள்ளினால் மதிப்பெண் கூடும் என்று 2011இல் வந்த ஓர் ஆய்வு மிகவும் பேசப்பட்டது. அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை மலைபோல் நம்ப வேண்டாம். எனக்குத் தெரிந்து உறுதியாகக் கைகொடுப்பது பழக்கம்தான். பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதிப் பழக வேண்டும். இயற்பியலில் ஒரு மார்க் வினா மட்டும் பதினைந்து. அவற்றைப் பதறாமல் முடித்துவிட்டாலே மூச்சு சீராகிவிடும். நெஞ்சு படபடத்தால், உள்ளிழுப்பதைவிட மெதுவாக மூச்சை வெளியே விடுவதை நாலைந்து முறை செய்தால் போதும். சில பயிற்சி முகாம்களில் நீ கண்வழிக் கற்பவள், நீ காதுவழிக் கற்பவள் என்று பிரித்துச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். அதற்கு உருப்படியான சான்று இல்லை என்று 2008இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. பெண்பிள்ளைக்கு இந்தப் படிப்பு போதும் என்ற பேச்சு அவள் காதில் விழுகிறதா? விழுகிறது என்றால், ஒவ்வொரு ஸ்லிப் டெஸ்டும் அவளுக்குத் தீர்ப்பு நாள். மார்க் எவ்வளவு வந்தாலும் உன் படிப்பு நிற்காது என்று நீங்களும் அவள் அப்பாவும் சேர்ந்து அவள் எதிரில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அழுகை தொடர்ந்தாலோ, சாப்பாடு, பேச்சு குறைந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்பதுபோல் ஏதாவது சொன்னாலோ தாமதிக்காதீர்கள். மாணவர்களுக்கான 14417, மனநலத்துக்கான 14416 இரண்டிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

முக்கூடல் தாய்மாமன்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. செவிலியர் சகோதரி சொன்னபடியே இரத்தம் பார்த்தோம், 9.4 கிராம். பச்சரிசி விஷயமும் உண்மைதான்; அக்காளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, சின்னப்பிள்ளைப் பழக்கம் என்று விட்டுவிட்டாளாம். மருத்துவர் தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். கண்ணிலும் சிறிது பவர் இருக்கிறது. தமிழ்ப் புத்தகத்தை இறக்கி அச்செடுத்துக் கொடுத்தேன். முதல்முறையாகத் தானே சிரித்தாள்.

மச்சானிடம் பேசியதில் பாதி வெற்றிதான். பிளஸ் டூ முடியட்டும் பார்க்கலாம் என்கிறார். அவள் எதிரில் எதுவும் பேசமாட்டேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டார். முனை மடக்குவதை அக்காள் நிறுத்திவிட்டாள். அதனால் வாரக் கூலியில் குறைகிறதை நான் ஈடுசெய்வதாகச் சொல்லியிருக்கிறேன். தீராமல் இருப்பது பஸ்தான். போக வர மூன்று மணி நேரம் போகிறது. டியூஷனையும் விட்டால் ஒன்பதே முக்காலுக்குப் படுக்க முடியும். ஆனால் டியூஷனை விட எல்லோருக்கும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

சேரன்மகாதேவி இயற்பியல் வாத்தியார்:

தம்பி, டியூஷனை முழுக்க விட வேண்டாம். உயிரியலுக்கும் அவளுக்கு டியூஷன் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். அது அவளுக்குத் தானாகவே வருகிறது. இயற்பியல், வேதியியல் இரண்டும் வாரத்தில் இரண்டிரண்டு நாளுக்கு மேல் தேவையில்லை. மீதி நாட்களில் ஆறு மணிக்குள் வீடு வந்துவிடுவாள். டியூஷன் உள்ள நாட்களில் வீட்டில் புத்தகத்தைத் தொடவே வேண்டாம்; சாப்பிட்டுப் படுக்கட்டும்.

காலை பஸ்ஸில் புத்தகம் திறக்கச் சொல்லாதீர்கள். குலுக்கலில் தலைவலிதான் மிஞ்சும். முந்தின நாள் எழுதிய நாட்காட்டித் தாளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போகட்டும். எங்கே தடுக்கியது என்று இறங்கியதும் நோட்டில் ஒரு வரி குறித்துக்கொண்டால் அன்றைக்கு ஆசிரியரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடும். மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடட்டும், கூட வருகிற பிள்ளை யாராவது ஊர் நெருங்கியதும் எழுப்பிவிடச் சொல்லுங்கள். ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸைப் பற்றித் தலைமையாசிரியரிடம் மருத்துவர் சீட்டோடு போய்ப் பேசுங்கள். மாத்திரை தொடங்கிய உடனேயே மார்க்கில் மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். இரத்தம் ஏற வாரங்கள் ஆகும். அரையாண்டுத் தாள் வந்ததும், மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எந்தக் கேள்விகளை எழுதாமல் விட்டாள் என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்து ரிவிஷனுக்கு எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்று சொல்கிறேன்.